ஏற்காட்டு இலையில் டெங்கு மருந்து தேடுபவர்களுக்கு

சேலத்துக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் என்றதும் பலருக்குச் சேர்வராயன் மலை மூலிகைதான் ஞாபகம் வரும். நல்ல ஆசைதான். டெங்கு, சிக்குன்குனியா இரண்டிலும் இன்றுவரை காய்ச்சலுக்குத்தான் மாத்திரை தருகிறார்கள், வைரஸுக்கு இல்லை.

கொசு பரப்பும் இந்த மாதிரி வைரஸ்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து வேண்டுமென்றால் எதை அடிப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள். ஒரே ஏடிஸ் கொசு பரப்பினாலும் டெங்குவும் ஜிகாவும் ஃபிளேவிவைரஸ் வகை, சிக்குன்குனியா ஆல்ஃபாவைரஸ் வகை. டெங்குவின் புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டும் நொதி) செரீன் வகை, சிக்குன்குனியாவினுடையது சிஸ்டீன் வகை, அதனால் ஒன்றுக்குப் பொருந்துவது மற்றதற்குப் பொருந்தும் என்று நம்ப வேண்டாம். வைரஸின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.வை நகலெடுக்கும் பாலிமரேஸ் நொதியைப் பிடியுங்கள், இல்லையென்றால் இரண்டு வைரஸும் கடன் வாங்கும் நம் செல்லின் நொதியைப் பிடியுங்கள். இரண்டாவது வழியில் செல்லுக்கே அடிபடும் ஆபத்து உண்டு.

காப்புக்காட்டில் இலை பறிக்க வனத்துறை அனுமதி வேண்டும். பறித்த செடியின் ஒரு கிளையை உலர்த்தி, தாவரவியலாளரிடம் பெயரை உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்புறம்தான் ஆய்வகத்தில் வளர்த்த செல்லில் சோதனை. வைரஸ் இல்லாமல் சாற்றை மட்டும் போட்டு, பாதி செல்கள் சாகும் அளவைக் கண்டுபிடியுங்கள், ஏனென்றால் செல் செத்தால் வைரஸும் பெருகாது, அது மருந்தின் வேலை மாதிரியே தெரியும். எம்டிடி சோதனையில் உயிருள்ள செல் மஞ்சள் சாயத்தை ஊதாவாக்கும், அதை வைத்துத்தான் உயிரோடு இருக்கும் செல்லைக் கணக்கிடுகிறோம்; அதில் செல்லே போடாத சில குழிகளிலும் சாற்றை விட்டுப் பாருங்கள். பல இலைச் சாறுகள் தாமாகவே அந்த மஞ்சளை ஊதாவாக்கிவிடும், செத்த செல்லும் உயிரோடு இருப்பதாகக் கணக்கில் வந்துவிடும். கடுக்காய் மாதிரி துவர்ப்பான சரக்கில் டானின் அதிகம், அது எந்தப் புரதத்தோடும் ஒட்டிக்கொள்ளும், அதுவும் மருந்தின் வேலை மாதிரியே தெரியும், அதனால் டானினை நீக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள், இந்த ஒரு படியைத் தாண்டாத சாற்றை நான் நம்பவே மாட்டேன்.

உயிருள்ள வைரஸ் வேலையை உரிய பாதுகாப்பு வசதியும் அனுமதியும் உள்ள ஆய்வகத்தோடு சேர்ந்து மட்டுமே செய்யுங்கள். பாதி செல்லைக் கொல்லும் அளவை வைரஸைப் பாதியாக்கும் அளவால் வகுத்தால் 10-க்கு மேலாவது வர வேண்டும். ஒரு டெங்கு வகையோடு நிறுத்தாமல் நான்கையும், கூடவே சிக்குன்குனியாவையும் பாருங்கள்.

முக்கியமாக, செல்லில் வைரஸ் ஏறுவதற்கு முன்பே மருந்து போட்டு வந்த முடிவை மட்டும் எழுதாதீர்கள். நோயாளி காய்ச்சல் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருவார், அதனால் தொற்றி 24 மணி நேரம் கழித்துப் போட்டாலும் வேலை செய்கிறதா என்று பாருங்கள்.