வீட்டு வைஃபையைச் சோதிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரூட்டரை அணைத்துப் போடுவது, பாஸ்வேர்டைச் சரிபார்ப்பது எல்லாம் யாருக்கும் தெரியும். புதிதாக ஃபைபர் இணைப்பு எடுத்தவர்கள் வரிசையாகப் போய் விழுகிற குழிகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

லைனையும் வைஃபையையும் ஒன்றாக அளப்பது

மதுரையில் மாசி வீதிச் சந்துகளின் பழைய வீடுகளைப் பாருங்கள். அகலம் குறைவு, நீளம் அதிகம். நடை, பட்டாசாலை, அறை, அடுப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ஃபைபர் வயர் தெருவிலிருந்து வருவதால் ரூட்டரை வாசல் பக்கச் சுவரிலேயே மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நடுவில் கனத்த செங்கல் சுவர்கள் இரண்டு மூன்று. பின்கட்டில் உட்கார்ந்து போனில் ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 100 எம்பிபிஎஸ் பிளானில் 12 காட்டும். உடனே கஸ்டமர் கேரோடு சண்டை, அடுத்த மாதம் 300 பிளான். அப்போதும் பின்கட்டில் அதே 12தான். தண்டமாகப் பணம் போவதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது, ஏனென்றால் கால் மணி நேரத்தில் உண்மை தெரிந்துவிடும்.

முதலில் லேப்டாப்பை லேன் கேபிளில் ரூட்டரோடு இணையுங்கள். லேப்டாப்பின் வைஃபையை அணையுங்கள். இதை மறந்தால் எதை அளக்கிறோம் என்பதே தெரியாது. டிவி, மற்ற போன்கள் எதுவும் நெட்டில் இருக்கக் கூடாது. மூன்று முறை டெஸ்ட் போட்டு நடு எண்ணை எழுதுங்கள். 300 பிளானில் 94 அருகே வந்து நின்றுவிட்டால் லைனைக் குறை சொல்லாதீர்கள். போர்ட் 100 எம்பிபிஎஸ் வகையாக இருக்கும், இல்லையென்றால் கேபிளில் எட்டு கம்பியில் நான்குதான் சேர்ந்திருக்கும். கிகாபிட்டுக்கு (1000 எம்பிபிஎஸ்) எட்டும் வேண்டும்.

அடுத்து கேபிளை உருவிவிட்டு, ரூட்டரிலிருந்து இரண்டு மீட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் பேண்டில் (ரூட்டரின் வைஃபை அலைவரிசைகளில் 2.4-ஐவிட வேகமானது) அளந்து பாருங்கள். கடைசியாகப் பின்கட்டில். முதல் எண்ணே குறைவென்றால் லைன் கோளாறு. இரண்டாவதில் விழுந்தால் ரூட்டரையோ லேப்டாப்பையோ பாருங்கள். மூன்றாவதில் மட்டும் விழுந்தால் சுவரும் தூரமும்தான் காரணம். அதற்கு எந்தப் பிளானும் மருந்தாகாது.

வேகம் சரியாக இருந்தும் வீடியோ கால் திக்கினால், பின்கட்டிலிருந்தே லேப்டாப்பின் கமாண்ட் ஜன்னல் இரண்டில் பிங் (ஒரு முகவரிக்குத் தகவல் போய்த் திரும்பும் நேரத்தைக் காட்டும் கட்டளை) ஓடவிடுங்கள். ஒன்றில் ரூட்டர் முகவரி (பெரும்பாலும் 192.168.1.1), இன்னொன்றில் 8.8.8.8 (வெளியே இணையத்தில் இருக்கும் கூகுள் சர்வர்). ரூட்டருக்கே 2, 3 மில்லிசெகண்டிலிருந்து 150, 200 என்று எகிறினால் கோளாறு வீட்டுக்குள். முதலாவது நிதானமாக இருந்து இரண்டாவது மட்டும் எகிறினால் வெளியே. கஸ்டமர் கேரில் இதைச் சொல்லிப் பேசுங்கள்.

சுவர்தான் காரணமென்றால் பின்கட்டு வரை கேட் 6 கேபிள் இழுத்து, பழைய ரூட்டர் ஒன்றை அங்கே வையுங்கள். அதன் முகவரியை 192.168.1.2 என மாற்றி, டிஹெச்சிபியை (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலை, அதை முதல் ரூட்டரே பார்த்துக்கொள்ளும்) அணைத்து, கேபிளை லேன் போர்ட்டில் செருக வேண்டும். வேன் (WAN, வெளி இணைப்புக்கான) போர்ட்டில் செருகினால் வீட்டுக்குள் இரண்டு தனி நெட்வொர்க் ஆகிவிடும்.

கோடுகளை நம்புவது

ஒவ்வொரு போனும் ஒவ்வொரு விதமாக வைஃபை சிக்னல் கோடு காட்டும். டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு, பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்கப் பலம் அதிகம்) காட்டும் ஆப்பில் பாருங்கள். மைனஸ் 50 அருமை. வீடியோ காலுக்கு மைனஸ் 67 வரை போதும். மைனஸ் 80-ல் தொடர்பு அறுந்து அறுந்து வரும்.

இரும்பு பீரோ மேல் ரூட்டர்

இறக்குங்கள்.

காலை 11 மணிக்குச் சேனல் தேர்வு

மதுரை எஸ்.எஸ். காலனி மாதிரி அடுக்குமாடி நெருக்கத்தில், அக்கம்பக்கத்து ரூட்டர்கள் இரவு 8 மணிக்கு மேல்தான் முழுமூச்சாக ஓடும். எந்தச் சேனலில் (வைஃபை ஓடும் தடத்தில்) நெரிசல் என்று அப்போது ஒரு வைஃபை ஆப்பில் ஸ்கேன் செய்யுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ், சேனல் 1, 6, 11 மட்டும். காலியாகத் தெரிகிறதே என்று 3-ஐப் பிடித்தால் 1, 6 இரண்டோடும் மோதும்.

ரீசெட் ஓட்டையில் ஊசி

வேண்டாம். நெட் கம்பெனி ரூட்டரில் போட்டுவைத்த லாகின் விவரங்கள் (பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டு, விலேன் எண்) எல்லாம் அழிந்து, கம்பெனி ஆள் வரும்வரை நெட் இல்லாமல் போகலாம்.

ரிப்பீட்டரைச் சிக்னல் செத்த அறையில் செருகுவது

கிடைப்பதைத்தான் அது திருப்பி அனுப்பும். மைனஸ் 65 டிபிஎம் கிடைக்கிற இடத்தில், பாதி வழியில் வையுங்கள். ஒரே பேண்டில் வாங்கி அதிலேயே அனுப்பும் ரிப்பீட்டர் அங்கேயும் வேகத்தைப் பாதியாக்கிவிடும். கேபிள் இழுக்க வழியே இல்லாத வீட்டுக்கு மட்டும் வாங்குங்கள்.