கேசியா, கேபியா? சமநிலை மாறிலியை எழுதும் முன் பார்க்க வேண்டியவை

சமநிலை மாறிலி என்பது, வினை சமநிலையை அடைந்தபோது விளைபொருள்களும் வினைபடுபொருள்களும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று காட்டும் எண். கேசி (Kc) என்பது செறிவுகளைக் கொண்டு எழுதும் சமநிலை மாறிலி. கேபி (Kp), வாயுக்களின் பகுதி அழுத்தங்களை (கலவையில் ஒவ்வொரு வாயுவும் தனியே தரும் அழுத்தங்களை) கொண்டு எழுதுவது. இரண்டும் வேறு வேறு சமநிலைகள் என்று பலர் எண்ணிக் குழம்புகிறார்கள். பிவி = என்ஆர்டி என்ற நல்லியல்பு வாயுச் சமன்பாட்டில் (பி அழுத்தம், வி கன அளவு, என் மோல்கள், ஆர் வாயு மாறிலி, டி கெல்வின் வெப்பநிலை) கன அளவை வலப்பக்கம் கொண்டுபோங்கள்: அழுத்தம் = செறிவு × ஆர்டி. ஒரே சமநிலை, அளக்கும் விதம்தான் வேறு.

படி 1: நிலைமையைக் குறியுங்கள்

ஒவ்வொரு பொருளும் வாயுவா, கரைசலா, திண்மமா என்று பக்கத்தில் எழுதுங்கள். அசிட்டிக் அமிலம் நீரில் அயனியாவது போன்ற கரைசல் வினைக்கு கேசிதான். எல்லாம் வாயு என்றால் இரண்டையும் எழுதலாம். தூய திண்மமும் தூய திரவமும் எதிலும் இடம்பெறாது. அதனால்தான் கால்சியம் கார்பனேட் சிதையும் வினையில் கேபி என்பது கார்பன் டைஆக்சைடின் அழுத்தம் மட்டுமே.

படி 2: கையில் என்ன தரவு இருக்கிறது?

மோலும் லிட்டரும் கொடுத்திருந்தால் கேசி, அழுத்தம் கொடுத்திருந்தால் கேபி. வினை தானாக நடக்குமா என்று சொல்லும் கிப்ஸ் ஆற்றல் மாற்றத்திலிருந்து மாறிலியைக் கண்டுபிடித்தீர்களா? அப்போது கொஞ்சம் நிதானியுங்கள். வாயுக்களின் திட்ட நிலை (ஒப்பிடுவதற்கான அடிப்படை நிலை) 1 பார் அழுத்தத்தில் வரையறுக்கப்பட்டது. ஆகவே வாயு வினைக்குக் கிடைப்பது கேபி. அதில் நேரடியாகச் செறிவுகளைப் போட்டால் விடை தவறும்.

படி 3: ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு

கேபி = கேசி × (ஆர்டி)^டெல்டா என்

டெல்டா என் = வாயு விளைபொருள்களின் மோல்கள் − வாயு வினைபடுபொருள்களின் மோல்கள். வாயுக்களை மட்டும் எண்ணுங்கள். கழிக்கும் வரிசை மாறினால் அடுக்கின் குறியும் மாறிவிடும். கணக்கு அதிகம் கெடுவது இங்கேதான்.

அம்மோனியாவை எடுத்துக்கொள்வோம்.

நைட்ரஜன் + 3 ஹைட்ரஜன் ⇌ 2 அம்மோனியா

டெல்டா என் = 2 − 4 = −2. 500 டிகிரி செல்சியஸில் கேசி சுமார் 0.06. வெப்பநிலையைக் கெல்வினுக்கு மாற்றினால் 773. ஆர் 0.0821 என்றால் ஆர்டி சுமார் 63.5. அடுக்கு −2 என்பதால் அதன் வர்க்கத்தால், அதாவது ஏறக்குறைய 4,030-ஆல், வகுக்க வேண்டும். கேபி சுமார் 0.000015. எண் இவ்வளவு சுருங்கியதைப் பார்த்து வினையே நடக்காது என்று முடிவுகட்டாதீர்கள். கலனுக்குள் இருக்கும் அம்மோனியாவின் அளவு அப்படியேதான் இருக்கிறது.

ஆர் மதிப்பிலும் கவனம் வேண்டும். செறிவு லிட்டருக்கு மோல் என்ற அலகில் இருக்கும்போது, அழுத்தம் அட்மாஸ்ஃபியரில் என்றால் 0.0821, பாரில் என்றால் 0.0831. பழக்கத்தில் 8.314 போட்டால் அழுத்தம் கிலோபாஸ்கலுக்குப் போய்விடும்.

ஹைட்ரஜனும் அயோடின் ஆவியும் சேர்ந்து 2 ஹைட்ரஜன் அயோடைடு தரும் வினையில் டெல்டா என் பூஜ்யம். சரி, அங்கே இந்த வேலையே வேண்டாம், இரண்டும் சமம்.

படி 4: விடையைச் சரிபாருங்கள்

ஆர் 0.0821 என்று வைத்தால், சுமார் 12 கெல்வினுக்கு மேல் ஆர்டி எப்போதும் 1-ஐ விடப் பெரிது. ஆகவே டெல்டா என் எதிர்க்குறி என்றால் கேபி கேசியை விடச் சிறியதாகவும், நேர்க்குறி என்றால் பெரியதாகவும் வர வேண்டும். அப்படி வரவில்லையா? முதலில் டெல்டா என்னின் குறியைத் திரும்பப் பாருங்கள், அப்புறம் கெல்வினை.