நீர் வடிகிற கண்ணும் வறண்ட கண்ணாக இருக்கலாம்

பள்ளத்தூரில் எங்கள் அப்பத்தாவுக்குக் கண் வறட்சி என்று டாக்டர் சொன்னபோது, "தண்ணியா ஊத்துற கண்ணைப் போயிக் காஞ்சு போச்சுங்கிறாகளே" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். நீர் வடிந்தால் வறட்சி இருக்க முடியாது என்னும் இந்த எண்ணத்தால்தான் முதியவர்களின் கண் வறட்சி பல வீடுகளில் ஆண்டுக்கணக்கில் கவனிப்பாரற்றுக் கிடக்கிறது.

விழியின்மேல் பரவியிருக்கும் கண்ணீர்ப் படலம் வெறும் தண்ணீர் அன்று. விழியோடு ஒட்டிக்கொள்ளும் வழவழப்பான பொருளும், நீரும், அந்த நீர் ஆவியாகிவிடாமல் மேலே மூடும் மிக மெல்லிய எண்ணெய்ப் பூச்சும் சேர்ந்ததே அது. இமை விளிம்பிலுள்ள மைபோமியன் சுரப்பிகள்தாம் இந்த எண்ணெயைத் தருகின்றன. வயது ஏற ஏற அவற்றில் எண்ணெய் கெட்டியாகி அடைத்துக்கொள்ளும்போது நீர் விரைவில் உலர்ந்து, கண்ணுக்குள் மண் விழுந்தாற்போல் உறுத்துகிறது. அந்த உறுத்தலுக்கு மறுமொழியாகவே கண்ணீர்ச் சுரப்பி நீரை ஒரேயடியாகக் கொட்டுகிறது, கொட்டிய நீரோ விழியில் தங்காமல் கன்னத்தில் வழிந்துபோகிறது. கண்ணீர்ப் பாதை அடைத்திருந்தாலும் நீர் வடியும் என்பதால், எது காரணம் என்பதைக் கண் டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களிடம் இந்த வறட்சி கூடுதலாகக் காணப்படுகிறது.

அடுத்த தவறு மருந்துக்கடையில் நடக்கிறது. "கண் சிவந்திருக்கிறது, ஒரு சொட்டு மருந்து கொடுங்கள்" என்று கேட்டு வாங்குவதில் சில, இரத்தக் குழாய்களைச் சுருக்கிச் சிவப்பை மட்டும் மறைப்பவை. வறட்சியை அவை தீர்ப்பதில்லை, நாள்கணக்கில் விட்டால் மருந்தை நிறுத்தியதும் சிவப்பு முன்னிலும் கூடுதலாகத் திரும்பி வரும். இன்னும் அஞ்ச வேண்டியது ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து. போட்டவுடன் சுகமாக இருப்பதாலேயே பழைய சீட்டைக் காட்டி மீண்டும் மீண்டும் வாங்குகிறார்கள். மேற்பார்வையின்றித் தொடர்ந்தால் கண் அழுத்தம் உயரலாம், கண்புரையும் வரலாம். கண் அழுத்தத்தால் இழந்த பார்வை திரும்பாது. வறட்சிக்கு வழக்கமாகத் தருவது கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் போன்ற செயற்கைக் கண்ணீர்தான். அதையும் நாளுக்கு 4 முறைக்கு மேல் விட வேண்டியிருந்தால், பதப்படுத்தும் பொருள் சேராத வகையைக் கேட்டு வாங்குவது நல்லது, ஏனெனில் அந்தப் பொருளே கண்ணை உறுத்தக்கூடும்.

நந்தியாவட்டைப் பூச்சாறு, தேன், தாய்ப்பால், விளக்கெண்ணெய் ஆகியவற்றைக் கண்ணில் விடும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. பெரியவர்கள் அன்பினால் சொல்வதுதான். ஆனால் கிருமி நீக்கப்படாத எதுவும் உலர்ந்து புண்பட்ட கருவிழியில் பட்டால் தொற்று உண்டாகலாம்.

அப்பத்தா பிற்பகலில் வளவுத் தாழ்வாரத்தில் அமர்ந்து கொட்டான் என்னும் ஓலைக்கூடை முடைவார். சாயம் ஏற்றிய ஓலையை ஒன்றின்கீழ் ஒன்றாகக் கோத்து வாங்கும்போது பார்வை விரல் நுனியிலேயே நின்றுவிடும். இமை கொட்டுவது பாதியாகக் குறைந்துவிடும். போதாக்குறைக்கு மேசை விசிறி முகத்துக்கு நேரே சுழன்றுகொண்டிருக்கும். விசிறியைக் காலின் பக்கம் திருப்பி வைத்ததும், ஒரு வரிசை முடிந்ததும் கண்களை முழுதாக மூடித் திறக்கப் பழகியதும் மருந்துக்கு இணையாக அவருக்கு உதவின. கைப்பேசியில் மூழ்கியிருப்பவர்களுக்கும் இது பொருந்தும். ஆடிக் காற்றில் வெளியே போகும்போது கண்ணாடி அணியலாம். விறகடுப்புப் புகையிலிருந்து விலகியிருக்கலாம்.

சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, சூட்டைப் புறங்கையில் பார்த்த பிறகு, மூடிய இமைமேல் 5 முதல் 10 நிமிடம் வைத்தால் உறைந்த எண்ணெய் இளகும். இரண்டு நாள் செய்துவிட்டுப் பயனில்லை என்று விட்டுவிடுவதுதான் இதில் நேரும் தவறு.

ஒவ்வாமை மாத்திரை, சிறுநீர் பெருக்கும் மாத்திரை, மனச்சோர்வு மருந்து ஆகியவற்றில் சிலவும் கண்ணை உலர்த்தும். அதற்காக அவற்றைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினால் போதும். கண்ணோடு வாயும் வறண்டு, மூட்டும் வலித்தால் அதையும் சொல்ல வேண்டும், உடலின் எதிர்ப்பாற்றலே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோகிரன் நோய் அப்படித்தான் தொடங்கக்கூடும். கடும் வலி, திடீர்ப் பார்வை மங்கல், வெளிச்சம் பார்க்க முடியாத கூச்சம் இருந்தால் அன்றே போக வேண்டும்.

கண்புரை அறுவைக்கு நாள் குறித்திருப்பவர்கள் வறட்சியைச் சொல்லாமல் விடுவது பெருந்தவறு. விழிப்பரப்பு உலர்ந்திருந்தால், உள்ளே பொருத்தும் லென்ஸின் அளவைக் கணிப்பதிலேயே பிழை வரலாம். அறுவைக்குப் பிறகு சில மாதங்கள் வறட்சி கூடுவதும் உண்டு. ஆகவே முதலில் வறட்சியைச் சரிசெய்துகொண்டு, பிறகு அளவெடுக்கப் போவதே முறை. அப்பத்தாவுக்கும் அப்படித்தான் நாளைத் தள்ளி வைத்தார்கள்.