ராத்திரி வந்த செய்தி காலையில் ஏன் மணியடிக்கிறது?

ரத்ததானக் குழு ஒன்றை ஒருங்கிணைக்கிறேன். இரவு இரண்டு மணிக்கு ‘ஓ நெகட்டிவ் அவசரம்’ என்று குழுவில் போட்டால், சிலருடைய போன் அந்த நிமிடமே மணியடிக்கும். இன்னும் சிலருக்குக் காலையில் எழுந்து போன் பூட்டைத் திறந்த பிறகுதான் எல்லாம் மொத்தமாக வந்து விழும். அவர்களுக்கு வர மனமில்லாமல் இல்லை, போன் சொல்லவில்லை. அதனால் புதிதாக யார் சேர்ந்தாலும் ரத்த வகையைக் கேட்ட கையோடு போனையும் வாங்கிப் பார்த்துவிடுவேன். அப்படிப் பார்ப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எதையும் மாற்றும் முன் ஒரு கேள்வி. செய்தி தாமதமாக வந்ததா, நேரத்துக்கு வந்தும் சத்தம் போடாமல் கிடந்ததா? இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. ஆண்ட்ராய்டு 11 முதல் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதிக்குள் ‘நோட்டிஃபிகேஷன் ஹிஸ்டரி’ இருக்கிறது. அதை இன்றைக்கே ஆன் செய்து வையுங்கள். கடந்த 24 மணி நேரத்தில் என்னென்ன வந்தது என்பது நேரத்தோடு அதில் பதிவாகும். செய்தி அனுப்பப்பட்டது 2:10, ஹிஸ்டரியிலும் 2:10 என்றால் போன் தூங்கவில்லை. ‘டூ நாட் டிஸ்டர்ப்’ ஆனில் இருக்கிறது, அல்லது நீங்களே அந்தக் குழுவை மியூட் செய்திருக்கிறீர்கள். டூ நாட் டிஸ்டர்பில் அந்த ஆப்புக்கு மட்டும் விலக்கு கொடுத்தால் வேலை முடிந்தது. ஹிஸ்டரியில் 6:40 என்று இருந்தால் தொடர்ந்து படியுங்கள்.

பலரும் ஒவ்வொரு ஆப்பும் இரவெல்லாம் தன் சர்வரோடு தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறது, அதுதான் பேட்டரியைத் தின்கிறது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கூகுள் சேவைகளோடு வரும் ஆண்ட்ராய்டு போன்களில் எஃப்சிஎம், ஐபோனில் ஏபிஎன்எஸ் என்று பொதுவான ஒரு சேவை இருக்கிறது. தெரு முழுவதற்கும் ஒரே தபால்காரர் மாதிரி, பெரும்பாலான ஆப்களின் செய்திகள் இந்த ஒரே இணைப்பு வழியாகத்தான் வருகின்றன. சும்மா இருக்கும்போது அந்த இணைப்புக்கு ஆகும் மின்சாரம் மிகக் குறைவு. ஆகவே அவசரச் செய்தி வரும் ஆப்பைத் தூங்காமல் வைத்தால் காலையில் சார்ஜ் காலியாகிவிடும் என்ற பயம் வேண்டாம்.

சரி, பிறகு எங்கே தடை? முதல் தடை ஆண்ட்ராய்டுக்குள்ளேயே இருக்கும் தூக்கம். இதன் பெயர் டோஸ். 2015-ல் ஆண்ட்ராய்டு 6-உடன் வந்தது. சார்ஜரில் இல்லாமல், திரை அணைந்து, போன் அசையாமல் கொஞ்ச நேரம் கிடந்தால், ஆப்களுக்கு இன்டர்நெட்டை நிறுத்திவிட்டு அவ்வப்போது மட்டும் சற்று நேரம் திறந்துவிடும். நேரம் போகப் போக அந்த இடைவெளி கூடிக்கொண்டே போகும். அடுத்த ஆண்டு ஆண்ட்ராய்டு 7-ல், சட்டைப்பையில் போன் அசைந்துகொண்டிருந்தாலும் திரை அணைந்திருந்தால் ஓரளவு தூங்கும்படி செய்தார்கள். ஆப்பின் சர்வர் ‘அவசரம்’ என்று குறித்து அனுப்பும் செய்தி இந்தத் தூக்கத்தைக் கலைத்துக்கொண்டு உள்ளே வரும். சாட் ஆப்கள் பெரும்பாலும் அப்படித்தான் அனுப்புகின்றன. சாதாரணம் என்று குறித்தது அடுத்த முறை இன்டர்நெட் திறக்கும்வரை காத்திருக்கும்.

இதிலிருந்து எளிய சோதனை ஒன்று கிடைக்கிறது. நான் எல்லோரிடமும் இதைத்தான் முதலில் கேட்பேன். சார்ஜரில் போட்டிருக்கும்போது நேரத்துக்கு வருகிறதா? ஆம் என்றால் பிரச்சினை தூக்கத்தில். வைஃபையில் ஒழுங்காக வந்து, மொபைல் டேட்டாவில் மட்டும் தாமதமாகிறதா? அப்படியானால் டேட்டா செட்டிங்ஸில். இந்த இரண்டு பதில்கள் கிடைத்துவிட்டால் கண்ட மெனுவையெல்லாம் திறந்து அலைய வேண்டாம்.

தூக்கத்தில் பிரச்சினை என்றால், செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பக்கத்தைத் திறந்து பேட்டரி என்ற இடத்துக்குப் போங்கள். புதிய போன்களில் அன்ரெஸ்ட்ரிக்டட், ஆப்டிமைஸ்டு, ரெஸ்ட்ரிக்டட் என்று மூன்று நிலைகள் இருக்கும். அவசரச் செய்தி வரும் ஆப்புக்கு அன்ரெஸ்ட்ரிக்டட். இதை ஒன்றிரண்டு ஆப்களுக்கு மட்டும் செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் கொடுத்தால்தான் பேட்டரி உண்மையிலேயே போகும். அப்புறம், போன் தயாரிப்பாளர் தன் பங்குக்குச் சேர்த்த தூக்கத்தையும் பாருங்கள். சாம்சங்கில் ‘ஸ்லீப்பிங் ஆப்ஸ்’, ‘டீப் ஸ்லீப்பிங் ஆப்ஸ்’ என்று பட்டியல்கள் உண்டு. இரண்டாவதில் மாட்டிய ஆப், நீங்கள் திறந்தால்தான் வேலை செய்யும். அதை ‘நெவர் ஸ்லீப்பிங்’ பட்டியலுக்கு மாற்ற வேண்டும். ஷாவ்மியில், ஆப் தானாக இயங்க விடும் ‘ஆட்டோஸ்டார்ட்’ அனுமதியையும் கூடவே பாருங்கள்.

நான் மறக்காமல் தேடுவது இன்னொன்று. சில போன்களில் பேட்டரிப் பக்கத்தின் மூலையில் இருக்கும் சிறிய பல்சக்கரத்தைத் தொட்டால், ‘போன் பூட்டியதும் மொபைல் டேட்டாவை நிறுத்து’ என்று ஒரு வரி இருக்கும். எத்தனை நிமிடத்தில் என்றும் கேட்கும். குழுவில் ஒரு அண்ணன் போனில் அது பத்து நிமிடம் என்று இருந்தது. வைஃபை இல்லாத இடத்தில் அவர் போனை மேசையில் வைத்த பத்தாவது நிமிடம் குழுவோடு தொடர்பே அறுந்துபோகும். ‘நெவர்’ என்று மாற்றிக் கொடுத்தேன். அடுத்த முறை இரவில் முதலில் பதில் போட்டவர் அவர்தான்.

டேட்டா பக்கத்தில் பார்க்க வேண்டியவை குறைவு. ‘டேட்டா சேவர்’ ஆனில் இருந்தால், மொபைல் டேட்டாவில் இருக்கும்போது பின்னணியில் கிடக்கும் ஆப்களுக்கு இன்டர்நெட் கிடைக்காது. அதை அணைக்க மனமில்லை என்றால் அந்த ஆப்புக்கு மட்டும் ‘அன்ரெஸ்ட்ரிக்டட் டேட்டா யூசேஜ்’ கொடுங்கள். ஆப்பின் டேட்டா பக்கத்தில் ‘பேக்கிரவுண்ட் டேட்டா’ ஆனில் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இரவில் டேட்டாவையே அணைத்துவிட்டுப் படுக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம். டேட்டா அணைந்தாலும் சாதாரண அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் வரும். ஆனால் வைஃபையும் இல்லாவிட்டால் குழுச் செய்தி சர்வரிலேயே தங்கிவிடும். மறுபடி டேட்டா போட்டதும் வந்து சேரும், ஆனால் ரத்தம் கேட்ட நேரம் கடந்திருக்கும். மிச்சமாகும் சார்ஜும் நினைக்கிற அளவுக்கு இல்லை. வீட்டில் வைஃபை இருந்தால் இன்டர்நெட் போக்குவரத்து எப்படியும் அதன் வழியாகத்தான் போகிறது. சிக்னல் பலவீனமான இடத்தில் டேட்டாவை அணைத்தாலும் போன் டவரைத் தேடிக்கொண்டும் அதிக சக்தியில் பேசிக்கொண்டும்தான் இருக்கும். பேட்டரி கரைவதற்கு அது ஒரு பெரிய காரணம். சிக்னல் நன்றாக இருக்கும் ஜன்னல் ஓரத்தில் போனை வையுங்கள். டேட்டாவை அணைப்பதைவிட அது உதவும்.

உண்மையிலேயே சார்ஜை மிச்சப்படுத்த வேண்டுமென்றால், பேட்டரி யூசேஜில் பின்னணி நேரம் அதிகம் காட்டும் ஆப்களைத் தேடி அவற்றை ரெஸ்ட்ரிக்டட் ஆக்குங்கள். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக டேட்டா எடுக்கும் ஆப்தான் அதிகம் தின்னும். ஒரு துளி டேட்டா போனாலும், போனின் ரேடியோ உடனே ஓய்வுக்குத் திரும்பாது. சில நொடிகள் விழித்திருந்துதான் அடங்கும். வீடியோ, ஷாப்பிங், கேம் ஆப்கள் இரவில் தூங்கட்டும்.

இன்னொரு பழக்கம் ‘ஃபோர்ஸ் ஸ்டாப்’. அதை அழுத்தினால் நீங்களே திறக்கும்வரை அந்த ஆப்புக்குச் செய்தி வராது. சமீபத்திய ஆப்களின் பட்டியலில் மேலே தள்ளி மூடுவதைக்கூடச் சில தயாரிப்பாளர்களின் போன்கள் அதேபோல எடுத்துக்கொள்கின்றன. அவசர ஆப்பை அப்படித் தள்ளாதீர்கள்.

ஐபோன்காரர்களுக்கு இவ்வளவு வேலை இல்லை. ‘பேக்கிரவுண்ட் ஆப் ரிஃப்ரெஷ்’ அணைந்திருந்தாலும், ‘லோ பவர் மோட்’ ஆனில் இருந்தாலும் சாட் செய்தி வரும். மெயில் தானாக இறங்குவது போன்ற வேலைகள்தான் நிற்கும். பார்க்க வேண்டியது, தூங்கும் நேரத்தில் அறிவிப்புகளை அடக்கும் ஸ்லீப் ஃபோகஸையும், ஐஓஎஸ் 15-ல் வந்த ‘ஷெட்யூல்டு சம்மரி’யையும்தான். சம்மரியில் சேர்த்த ஆப்பின் சாதாரண அறிவிப்புகள் குறித்த நேரம்வரை அதிலேயே தங்கிவிடும்.

எல்லாம் மாற்றியபின் சோதித்துப் பாருங்கள். சார்ஜரைக் கழற்றி, வைஃபையை அணைத்து, போனைப் பூட்டி மேசையில் வைத்து ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடாமல் விடுங்கள். பிறகு யாரையாவது செய்தி அனுப்பச் சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தால் போன் இன்னும் ஆழ்ந்து தூங்கியிருக்காது, பலன் தெரியாது. நெடுநாள் திறக்காத ஆப்பாக இருந்தால் அதன் பக்கத்தில் ‘பயன்படுத்தாவிட்டால் நிறுத்து’ என்ற பொருளில் உள்ள ஸ்விட்ச்சையும் அணைத்துவிடுங்கள். அது ஆனில் இருந்தால் சில மாதங்களில் அனுமதிகளை எடுத்துக்கொண்டு அறிவிப்பையும் நிறுத்திவிடும். எங்கள் குழுவில் மாதக்கணக்கில் அமைதியாக இருப்பவர்கள்தான் அபூர்வ ரத்த வகைக்காரர்கள். அவர்கள் போனில் இந்த ஸ்விட்ச்சைத்தான் நான் முதலில் தேடுவேன்.