கடைசி மாத்திரைக்கு முன்பே: வெளிநாட்டில் மனநல மருந்தைத் தடையின்றித் தொடர்வது எப்படி

வெளிநாட்டில் குடியேறியபின் மனநல மருந்து நின்றுபோனதாக என்னிடம் சொன்னவர்களில், நிறுத்த வேண்டும் என்று முடிவெடுத்து நிறுத்தியவர்கள் மிகச் சிலரே. மற்றவர்களுக்கு மருந்து தீர்ந்துவிட்டது, புதிய ஊரில் மருத்துவரைப் பார்க்கும் நாள் மட்டும் வரவில்லை. ஆகவே முதல் வேலை கணக்குப் பார்ப்பதுதான். கையிலுள்ள மாத்திரை அட்டைகளை மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாக எண்ணி, ஒரு நாளைக்கு எத்தனை என்பதால் வகுத்து, மருந்து தீரும் தேதியை நாட்காட்டியில் எழுதுங்கள். அதிலிருந்து எட்டு வாரம் பின்னோக்கிப் போய் இன்னொரு தேதியைக் குறியுங்கள். புதிய நாட்டில் மருத்துவரைத் தேடத் தொடங்க வேண்டிய நாள் அது. கையில் 30 நாள் மருந்து மட்டுமே இருக்குமானால் அந்த நாள் நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே வந்துவிடும். அதாவது, மருத்துவச் சந்திப்புக்கான முன்பதிவைப் புறப்படும் முன்பே செய்தாக வேண்டும்.

இந்தக் கணக்கை நான் போடத் தவறிய ஆண்டில் வென்லாஃபாக்சின் என்ற மனச்சோர்வு மருந்தை எடுத்துக்கொண்டிருந்தேன். மருந்து தீர்ந்த மூன்றாம் நாள், படியிறங்கும்போது கண்ணைப் பக்கவாட்டில் திருப்பினால் தலைக்குள் மின்சாரம் வெட்டியதுபோல ஓர் அதிர்வு ஏற்பட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் எரிச்சலும் குமட்டலும் சேர்ந்து வந்ததால், நோய் திரும்பிவிட்டது என்றே நம்பினேன். அது நோயன்று, மருந்து திடீரென நின்றதன் விளைவு. வென்லாஃபாக்சின், பராக்செட்டின் போன்றவை உடலைவிட்டு விரைவாக வெளியேறுவதால் ஓரிரு நாளிலேயே இப்படி உணர்த்திவிடும். ஃப்ளுவாக்செட்டின் வாரக்கணக்கில் உடலில் தங்குவதால் அவ்வளவு சீக்கிரம் தெரியாது. உங்கள் மருந்து இவற்றில் எந்த வகை என்பதைப் புறப்படும் முன் மருத்துவரிடம் கேட்டு வையுங்கள்.

அதே சந்திப்பில் இரண்டு கடிதங்கள் வாங்குங்கள். ஒன்று சுங்க அதிகாரிக்கானது: கடவுச்சீட்டில் உள்ளபடி உங்கள் பெயர், மருந்தின் பெயர், அளவு, எடுத்துச்செல்லும் மாத்திரைகளின் எண்ணிக்கை, அது உங்கள் சொந்தப் பயன்பாட்டுக்கே என்ற உறுதி, மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் ஆகியவை போதும். நோயின் பெயரை விமான நிலையத்தில் யாருக்கும் காட்டத் தேவையில்லாத நிலை இருந்தால் அதைக் காட்டாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. மற்றொன்று உங்களை ஏற்கப்போகும் மருத்துவருக்கானது. இதில் எதையும் மறைக்கக் கூடாது. நோய் என்ன, எப்போது கண்டறியப்பட்டது, இதற்கு முன் எந்தெந்த மருந்துகள் எந்த அளவில் தரப்பட்டன, அவை ஏன் மாற்றப்பட்டன, கடைசி இரத்தப் பரிசோதனை முடிவு என்ன என்பவை அதில் இருக்க வேண்டும். பழைய மருந்துகளின் பட்டியல் இல்லாவிட்டால் புதிய மருத்துவர் ஏற்கெனவே பயன்படாமல் போனதையே மறுபடி எழுதித் தரக்கூடும். அதனால் வீணாவது உங்கள் வாழ்க்கையின் பல வாரங்கள்.

கடிதத்தில் மருந்தின் பொதுப்பெயர், அதாவது நிறுவனம் வைத்த விற்பனைப் பெயரன்றி உள்ளிருக்கும் மருந்தின் பெயர், கட்டாயம் இருக்க வேண்டும். எஸ்சிட்டலோப்ராம் அமெரிக்காவில் லெக்சாப்ரோ, பிரிட்டனில் சிப்ராலெக்ஸ். வோர்டியாக்செட்டின் ஐரோப்பாவில் பிரிண்டெல்லிக்ஸ் என்று விற்கப்படுகிறது. இரத்தம் உறையாமல் தடுக்கும் பிரிலின்டாவோடு பெயர் குழம்பியதால் அமெரிக்காவில் 2016-இல் அதற்கு டிரின்டெல்லிக்ஸ் என்று பெயர் மாற்றினார்கள். பொதுப்பெயரோடு மாத்திரையின் வகையும் தேவை. மெதுவாகக் கரைந்து நாள் முழுவதும் வேலை செய்யும் மாத்திரையும் உடனே கரையும் மாத்திரையும் ஒரே மில்லிகிராமில் இருந்தாலும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது.

அடுத்து, உங்கள் மருந்து அந்த நாட்டில் சட்டப்படி அனுமதிக்கப்பட்டதா என்று பாருங்கள். கவனக்குறைவுக் கோளாறுக்கான மெத்தில்ஃபெனிடேட், பதற்றத்துக்கான அல்ப்ரசோலம், குளோனசெபம், டயசெபம் ஆகியவை 1971-ஆம் ஆண்டின் ஐ.நா. மனமாற்றப் பொருள்கள் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் வருபவை; அதன்மீது ஒவ்வொரு நாடும் தனக்கென விதிகளை அடுக்கியிருக்கிறது. கவனக்குறைவுக் கோளாறுக்கே தரப்படும், ஆம்ஃபெட்டமின் உப்புகளாலான ஆடராலை மருத்துவர் கடிதம் இருந்தாலும் ஜப்பானுக்குள் கொண்டுசெல்ல முடியாது. சிங்கப்பூரும் ஐக்கிய அரபு அமீரகமும் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளுக்குப் பயணத்துக்கு முன்பே அனுமதி கேட்கின்றன. தங்களுக்குள் எல்லைச் சோதனையை நீக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகள் ஒன்றில் வசிப்பவர் இன்னொன்றுக்கு இத்தகைய மருந்தை எடுத்துச்செல்ல, 30 நாள் வரை செல்லுபடியாகும் தனிச் சான்றிதழ் தேவை. தடை இல்லாவிட்டாலும் நடைமுறை வேறாக இருக்கலாம்: பியூப்ரோபியான் பிரிட்டனில் புகைப்பழக்கத்தை விடுவதற்காக உரிமம் பெற்றது, மனச்சோர்வுக்காக அன்று. தூதரகத்திடமும் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடமும் எழுத்தில் கேட்டு, பதிலை அச்செடுத்துக் கடிதத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மருந்து அங்கே கிடைக்கவே கிடைக்காது என்று தெரிந்தால், மாற்று மருந்துக்கு மாறும் வேலையைப் புறப்படுவதற்குச் சில மாதங்கள் முன்பே, உங்களை நன்கு அறிந்த மருத்துவரின் கண்காணிப்பிலேயே முடித்துவிடுங்கள். புதிய நாடு, புதிய மொழி, புதிய வேலை, புதிய மருந்து நான்கையும் ஒரே மாதத்தில் தாங்க வேண்டியதில்லை.

பயணத்தின்போது மருந்து கைப்பையில், கடைப் பெயர்ச்சீட்டு ஒட்டிய அதன் சொந்தப் பெட்டியிலேயே இருக்கட்டும். நேர வித்தியாசம் அதிகமானால் எந்த வேளையை எப்படி நகர்த்துவது என்று முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சில மருந்துகளுக்குத் தனிக் கவனம் தேவை. அவற்றில் முதலாவது, இருமுனையக் கோளாறுக்குத் தரப்படும் லித்தியம். அதன் பயன்தரும் அளவுக்கும் நச்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு; இரத்தத்தில் அதன் அளவு பெரும்பாலும் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள், அதற்கான இரத்தம் கடைசி வேளைக்கு 12 மணி நேரம் கழித்து எடுக்கப்பட வேண்டும். வெப்பமான நாட்டில் மிகுதியாக வியர்ப்பதும், வயிற்றுப்போக்கும், இபுப்ரோஃபென் போன்ற வலிநிவாரணிகளும் அந்த அளவை உயர்த்திவிடும். கை பெரிதாக நடுங்குவது, நாக்குக் குழறுவது, நடை தள்ளாடுவது, வாந்தி ஆகியவை தோன்றினால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். மருந்தைத் தயாரிக்கும் நிறுவனம் மாறினால் உடலில் சேரும் அளவும் மாறக்கூடும் என்பதால், புதிய நாட்டின் லித்தியத்தைத் தொடங்கியதும் இரத்தப் பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள்.

மனச்சிதைவு நோய்க்கான குளோசபின் எடுப்பவர்கள் இன்னும் முன்னதாகத் திட்டமிட வேண்டும். வெள்ளையணுக்கள் அபாயகரமாகக் குறையக்கூடும் என்பதால் பல நாடுகளில் முறையான இரத்தக் கண்காணிப்பில் இருப்பவர்களுக்கே இது தரப்படுகிறது. 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் தொடரக் கூடாது, 12.5 மில்லிகிராமிலிருந்து மீண்டும் படிப்படியாக ஏற்ற வேண்டும். பலரும் அறியாத ஒன்று: புகைப்பழக்கத்தை விட்டால் இரத்தத்தில் குளோசபின் அளவு உயர்ந்துவிடும், ஆகவே புதிய ஊரில் சிகரெட்டை நிறுத்துவதாக இருந்தால் முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். மனநிலையைச் சீராக வைக்கும் லாமோட்ரிஜின் ஏறத்தாழ ஐந்து நாளுக்கு மேல் நின்றுபோனாலும் தொடக்க அளவிலிருந்தே ஏற்ற வேண்டியிருக்கும். நேராக முழு அளவுக்குத் திரும்பினால் உயிருக்கே ஆபத்தான தோல் ஒவ்வாமை வர வாய்ப்புண்டு. அல்ப்ரசோலம், குளோனசெபம் வகையைப் பல மாதங்கள் எடுத்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். மாதம் ஒருமுறை போடும் நீடித்த ஊசியாக இருந்தால், அடுத்த ஊசியின் தேதியையும் அதைப் போடப்போகும் இடத்தையும் புறப்படும் முன்பே உறுதிசெய்யுங்கள்.

போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே குடும்ப மருத்துவரிடமோ பல்கலைக்கழக மருத்துவமனையிலோ பதிவுசெய்யுங்கள். மனநல மருத்துவரைப் பார்க்கப் பல வாரங்கள் காத்திருக்க நேரலாம். அதுவரை பழைய மருந்தை மாற்றாமல் எழுதித்தரும்படி குடும்ப மருத்துவரிடம் நேரடியாகக் கேளுங்கள். "இந்த மருந்தில் நான் நலமாக இருக்கிறேன், இடைவெளி விழாமல் தொடர வேண்டும், இதோ என் மருத்துவரின் கடிதம்" என்று சொன்னாலே போதும். காப்பீடு எடுக்கும்போது ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டா என்று பாருங்கள். மனநோயை மறைத்து எடுத்த காப்பீடு தேவைப்படும் நேரத்தில் கைவிட்டுவிடும். வீட்டாரிடம் சொல்லி மருந்தை அஞ்சலில் வரவழைப்பது பல நாடுகளில் சட்டவிரோதம், சட்டப்படியான இடங்களிலும் பொதி சுங்கத்தில் நெடுநாள் கிடக்கக்கூடும். மருந்துச்சீட்டே கேட்காமல் விற்கும் இணையக் கடைகளில் போலி மருந்து வரும் ஆபத்து உண்டு. அவற்றின் பக்கம் போகாதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் மருந்து தீரும் நிலை வந்துவிட்டால், இருப்பதை நீட்டிக்க நீங்களாகவே மாத்திரையைப் பாதியாக்காதீர்கள். நீடித்து வெளியாகும் மாத்திரையை உடைத்தால் நாள் முழுவதற்கான மருந்து ஒரேயடியாக உடலில் இறங்கிவிடும். நண்பரின் மாத்திரையும் வேண்டாம். காலி அட்டையையும் பழைய சீட்டையும் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்குப் போய் மருந்தாளுநரிடம் நிலைமையைச் சொல்லுங்கள். பிரிட்டன் போன்ற சில நாடுகளில், கட்டுப்பாட்டில் இல்லாத மருந்தை அவசரத் தேவைக்கு மருந்தாளுநரே குறிப்பிட்ட நாள்களுக்குத் தர சட்டம் இடமளிக்கிறது. அங்கு முடியாவிட்டால் முன்பதிவு தேவைப்படாத மருத்துவ மையத்துக்கும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ, தூக்கமே இல்லாத இரவுகளோ, இல்லாத குரல் கேட்பதோ தொடங்கியிருந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கும் போங்கள். அங்கே முதலில் சொல்ல வேண்டியவை மூன்று: மருந்தின் பொதுப்பெயர், அளவு, கடைசி வேளை எந்த நாள் எந்த நேரம். இவற்றை ஒரு துண்டுத்தாளில் அந்நாட்டு மொழியிலேயே எழுதி, இப்போதே பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.