தெருவில் படம் எடுக்க ஆளைத் துரத்த வேண்டாம்

மட்டக்களப்பில் தெருப்படம் எடுக்கப் பழகுகிறவர்கள் ஆட்களுக்குப் பின்னால் அலையாமல், முதலில் நல்ல வெளிச்சத்தைத் தேடுங்கள். பழைய கல்லடிப் பாலத்தில் காலை வெயில் சாய்வாக விழும் நேரம் ஓரமாக நின்றால் போதும். சைக்கிளில் போகிறவர்களும் வலை தூக்கி வருகிறவர்களும் தாங்களாகவே படத்துக்குள் வருவார்கள்.

போன் என்றால், வெளிச்சம் விழும் இடத்தில் விரலை அழுத்திப் பிடித்து போகஸைப் பூட்டுங்கள். வெளிச்ச அளவைக் கொஞ்சம் இறக்குங்கள், நிழல் கறுப்பாகவே இருக்கட்டும். 28 மி.மீ. லென்ஸ் போட்ட ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சர் உள்ள) கமரா என்றால் லென்ஸ் துவாரத்தை எஃப்/8, ஷட்டர் வேகத்தை 1/500 செக்கன் என்று வைத்து, போகஸைக் கையால் 2.5 மீற்றரில் நிறுத்துங்கள். ஏறத்தாழ 1.5 முதல் 10 மீற்றர் வரை தெளிவாக விழும். ஆள் கிட்ட வந்தபிறகு போகஸ் தேடினால் அந்த முகபாவம் போயே போய்விடும்.

வெயில் சுள்ளென்று ஏறியதும் சந்தைக்குள் போய்விடலாம். சரி, யாராவது கவனித்துவிட்டால்? கமராவை ஒளிக்காதீர்கள், அதுதான் சந்தேகத்தைக் கிளப்பும். சிரித்துவிட்டுப் படத்தைக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் அவர் முன்னாலேயே அழித்துவிடுங்கள். பொலிஸ் நிலையம், இராணுவ முகாம் பக்கம் மட்டும் கமராவைத் திருப்பவே வேண்டாம்.