தந்தியைத் தொட்டும் அடங்காத இரைச்சல்

வீட்டில் செய்த எலெக்ட்ரிக் கிட்டாரை ஆம்ப்பில் (ஒலியைப் பெருக்கும் பெட்டி) மாட்டியதும் 'ஙொய்ங்' என்று ஒரே இரைச்சல். தந்தியைத் தொட்டால் குறையவில்லை. கேபிளைச் செருகும் ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் உடனே அடங்கியது. இது நல்ல துப்பு. எர்த் ஜாக் வரை சரி, தந்திகளைத் தாங்கும் உலோகப் பிரிட்ஜுக்குப் போய்ச் சேரவில்லை. (தொட்டால் இரைச்சல் கூடினால், பெரும்பாலும் ஜாக்கில் இரண்டு ஒயரும் இடம் மாறியிருக்கும்.)

மல்டிமீட்டரைக் கன்டினியூட்டியில் (மின்னிணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலை) போட்டு, ஒரு முனையைத் தந்தியிலும் மறுமுனையை ஜாக்கின் ஸ்லீவிலும் (எர்த் சேரும் உலோகப் பகுதி) வைத்தேன். பீப் வரவில்லை. பிரிட்ஜைக் கழற்றினால், அடியில் செருகிய ஒயரின் செம்பு இழைகள் பளபளவென்றுதான் இருந்தன; பிரிட்ஜின் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பு பவுடர் கோட்டிங். அது மின்சாரத்தைக் கடத்தாது. ஒயர் படும் இடத்தை மட்டும் உப்புத்தாளால் உலோகம் தெரியும்வரை தேய்த்து, இழைகளை விசிறிபோல் பிரித்து வைத்துத் திருகுகளை இறுக்கினேன். மீட்டர் கத்தியது.

இப்போது தந்தியைத் தொட்டதும் அடங்குகிறது. கையை எடுத்தால் வந்த மிச்சத்துக்கு, ஒயர்கள் இருக்கும் உட்குழி முழுக்கச் செம்பு டேப் ஒட்டி எர்த்தோடு பற்றவைத்தேன். டேப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடங்களில் ஒரு சொட்டு ஈயம் வையுங்கள், பசையை நம்ப முடியாது. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் இதில் சிங்கிள் காயில் (ஒரே கம்பிச்சுருள்) என்பதால் டிரான்ஸ்பார்மர் பக்கம் போனால் இன்னும் முனகும். அதை டேப் தடுக்காது. ஹம்பக்கர் (இரைச்சலை ஒன்றுக்கொன்று அழிக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்) மாட்டினால்தான் தீரும்.